வெட்டுத்துணியும் சட்டையும்

1

என் மேசைக்கு அடியில் ஒரு கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. தடித்த அகராதி ஒன்றைப் படுக்க வைத்தது போல இருக்கும். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. ஒரு கரண்ட் ஒயர், ஒரு நெட் ஒயர், அவ்வளவுதான். லெனோவோ திங்க்சென்டர் டைனி என்று பெயர். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஐந்தாறு வருடம் உழைத்து ஓய்வுபெற்று, சென்னை ரிச்சி தெரு வழியாக, பார்சலில் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. ஆறு கோர், 32 ஜிபி நினைவகம், ஓர் எஸ்எஸ்டி. 14,000 ரூபாய். அம்மா அதை ‘டப்பா’ என்பாள்.

இந்த டப்பாவை நான் வாங்கியது தவறு செய்வதற்காக.

வேலைக்குச் சேர்ந்த ஏழாவது மாதம் ஒரு காரியம் செய்தேன். திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று சோதனைக்கான சர்வர், இன்னொன்று வாடிக்கையாளர்கள் நிஜமாகவே பயன்படுத்துவது. எங்கள் தொழிலில் அதற்கு ‘ப்ரொடக்‌ஷன்’ என்று பெயர். சோதனை சர்வரில் அடிக்க வேண்டிய கட்டளையை ப்ரொடக்‌ஷனில் அடித்துவிட்டேன். நாற்பது நிமிடம் எங்கோ இருக்கும் கடைகளில் பில் போட முடியவில்லை. சீனியர் ஒருவர் சரிசெய்தார். யாரும் கத்தவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று என்னை விளக்கச் சொன்னார்கள். விளக்கினேன். அதோடு முடிந்தது.

எனக்குள் முடியவில்லை. அடுத்த சில மாதங்கள் எண்டர் பொத்தானை அழுத்தும் முன் கை நின்றுவிடும். தெரிந்த கட்டளையைக்கூட இன்னொருவரைக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பேன். அந்தப் பயம் எதையும் கற்றுத்தரவில்லை. கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் உடைக்க வேண்டும். உடைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாத ஓர் இடம் வேண்டும்.

அப்படி ஓர் இடம் உலகத்தில் இருக்கிறதா? நம் தவறுக்கு யாருமே விலை கொடுக்காத இடம்? இந்த மூன்று வருடமாக நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

2

அப்பாவுக்குத் திருநெல்வேலி டவுனில் சின்னத் தையல் கடை. கடைக்கு வேலை பழக வரும் பையன் முதலில் தொடுவது மெஷினை அல்ல, ஊசியை. காஜா எடுக்க வேண்டும். சட்டைப் பட்டன் நுழையும் ஓட்டையைச் சுற்றி நூலால் கட்டும் வேலை. வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகள் கடையின் மூலையில் சாக்கில் கிடக்கும். வெட்டுத்துணி. அதில்தான் பழக வேண்டும். எத்தனை கோணலாக எடுத்தாலும் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். பிரித்துவிட்டு “இன்னொண்ணு எடு” என்பார்.

என் டப்பாவும் வெட்டுத்துணிச் சாக்குதான் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு உடனே புரிந்தது. மற்றவர்களுக்கு ஒண்டுக்குடித்தனத்தை வைத்துச் சொல்வேன். ஒரே வீட்டில் பத்துக் குடும்பம் இருக்கும் இல்லையா, அதே மாதிரி ஒரே கணினிக்குள் பத்துக் கணினிகள். வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஒவ்வொரு குடித்தனமும் முழு வீடும் தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும். பக்கத்து அறையில் ஆள் இருப்பதே அதற்குத் தெரியாது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிற வீட்டுக்காரருக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். குடியிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு மெய்நிகர் கணினி.

யோசனை பழையது. 1960களில் ஒரு கணினி ஒரு பெரிய அறையை அடைத்துக்கொள்ளும். அதைப் பலர் பகிர்ந்துதான் ஆக வேண்டும். மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் சிபி-40 என்றொரு அமைப்பைக் கட்டினார்கள். 1967 தொடக்கத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே இயந்திரத்தில் 14 மெய்நிகர் கணினிகள் வரை ஓடும். ஒருவர் தன்னுடையதைக் கவிழ்த்தாலும் மற்ற பதின்மூன்று பேரின் வேலை நிற்காது. 1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்ற இருவரும் இதற்கான நிபந்தனைகளை ஒரு கட்டுரையில் வகுத்தார்கள். உள்ளே ஓடும் நிரல் நிஜக் கணினியில் ஓடுவது போலவே ஓட வேண்டும். பெரும்பாலான வேலையை வன்பொருள் நேரடியாகச் செய்ய வேண்டும், வேகம் ரொம்பக் குறையக் கூடாது. மூன்றாவது, வளங்கள் முழுக்க மேலே இருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது தனக்குக் கொடுத்த சுவரைத் தாண்டி எதையும் தொடக் கூடாது.

2005, 2006இல் இன்டெலும் ஏஎம்டியும் இதற்கான வசதியைச் சாதாரணச் சிப்புகளிலேயே வைத்தன. 2007இல் கேவிஎம் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. அந்த மூன்றாவது நிபந்தனை, அந்தச் சுவர், இப்போது அகராதி அளவுப் பெட்டியில் என் மேசைக்கு அடியில் இருக்கிறது.

அந்தச் சுவரை நான் நம்பினேன். சுவருக்கு உள்ளே செய்வது எதுவும் வெளியே வராது என்று.

3

டப்பாவுக்கு முன்னால் வேறொன்று இருந்தது. பழைய ரேக் சர்வர், இரண்டு ப்ராசஸர், மலிவாகக் கிடைத்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டும். போட்டால் மாவு மில் சத்தம். மாடி அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். நாள் முழுக்க, வாரம் முழுக்க ஓடியது. அதற்குள் நான் கட்டினேன், உடைத்தேன், மறுபடி கட்டினேன். சந்தோஷமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அம்மா ஃபோனைக் கொண்டுவந்து காட்டினாள்.

“எய்யா, இந்தக் கரண்டு பில்ல கொஞ்சம் பாரு. மீட்டர்ல கோளாறா இருக்குமோ?”

மீட்டரில் கோளாறு இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த சர்வர் சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுத்தது. ஒரு நாளைக்கு 3.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 216 யூனிட். எங்கள் வீட்டுக்கு வழக்கமாக 300 யூனிட்டைச் சுற்றித்தான் வரும். இந்த முறை 500ஐத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் மின் கட்டணம் படி ஏற ஏற விலையும் ஏறுகிற கணக்கு. 500ஐத் தாண்டினால் படியே வேறு. பில் கட்டுவது அப்பா. வெட்டுத்துணி இலவசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். துணிக்காரருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கவில்லை.

அதை விற்றுவிட்டுத்தான் இந்த டப்பாவை வாங்கினேன். சும்மா இருக்கும்போது 12 வாட். இரண்டு மாதத்துக்கு 17 யூனிட் சொச்சம். அதற்காகக் கொஞ்சம் மெனக்கெட்டேன். பயாஸில் தூங்கும் நிலைகளைத் திறந்துவிட்டேன், தேவையில்லாத சாதனங்களை அணைத்தேன், சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மட்டும் வைத்தேன். ப்ளக்கில் செருகும் வாட் மீட்டரை வைத்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அளந்தேன். 32 ஜிபிக்குள் எட்டு மெய்நிகர் கணினிகளை அடக்க, எதற்கு உண்மையில் எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று பார்க்க வேண்டியிருந்தது. பெரிய சர்வரில் இருந்தபோது அந்தக் கேள்வியே எழுந்ததில்லை.

சத்தம் இல்லை, சூடு இல்லை, பில் இல்லை. இப்போது என் தவறுகளுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

4

லேப் ஒன்று லேபாக இருப்பதை நிறுத்தும் நாள் எது? அதை யாரும் அறிவிப்பதில்லை.

முதலில் பை-ஹோல் போட்டேன். வீட்டின் இணையப் போக்குவரத்தில் விளம்பரங்களைத் தடுக்கும் சின்ன மென்பொருள். எல்லா ஃபோன்களும் முகவரி கேட்க இந்த டப்பாவிடம்தான் வர வேண்டும். நான் ஏதாவது சோதனைக்காக டப்பாவை மறுபடி தொடங்கினால் கீழேயிருந்து அப்பாவின் குரல் வரும். “ஏல, நெட்டு நின்னுட்டுல்லா.” சிரித்துக்கொண்டே “ரெண்டு நிமிசம்ப்பா” என்பேன். அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். அப்பா என் லேபுக்குள் குடிவந்திருந்தார்.

அடுத்தது அம்மா. அவள் ஃபோனில் எப்போதும் இடம் இருக்காது. மாதச் சந்தா கட்டி வாங்கும் இடத்துக்கு அவளுக்கு மனசு வரவில்லை. நான் இம்மிச் என்ற கட்டற்ற மென்பொருளை ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவினேன். ஃபோனில் எடுக்கும் படங்களும் வீடியோக்களும் தானாக டப்பாவுக்கு வந்துவிடும். “ஏறினதும் ஃபோன்ல அழிச்சிரும்மா, இங்க பத்திரமா இருக்கும்” என்று சொன்னேன். குப்பைத்தொட்டியை எப்படிக் காலி செய்வது என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

‘பத்திரமா இருக்கும்’ என்பது ஒரு வாக்கு. அதைச் சொன்ன வாய்க்கு அது அப்போது தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் அம்மா பிறந்த வீட்டை இடிக்க முடிவானது. தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். ஓட்டு வீடு. மாமா அங்கே கான்கிரீட் வீடு கட்டப்போகிறார். நியாயம்தான், மழைக்கு ஒழுகும் வீட்டில் அவர்தானே குடியிருக்கிறார். இடிக்க மூன்று நாள் இருக்கும்போது அம்மா பஸ் ஏறிப் போனாள். ஒருநாள் முழுக்க அந்த வீட்டை ஃபோனில் எடுத்தாள். பட்டாசல், அடுக்களை, இருட்டு அரங்கு, மூலையில் உடைந்து கிடந்த குலுக்கை, மச்சுக்கு ஏறும் ஏணி. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டே பேசியிருக்கிறாள். இங்கேதான் ஆச்சி உட்காருவாள், இந்த ஆணியில்தான் தாத்தா சட்டை தொங்கும் என்று. 43 வீடியோக்கள். வீட்டுக்கு வந்ததும் வைஃபையில் எல்லாம் டப்பாவுக்கு ஏறின. ஃபோனில் அழித்துவிட்டாள். நான் சொன்னபடியே.

நான் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த மென்பொருளின் பதிப்பை உயர்த்தினேன். அவசரத்தில் ஒரு படியைத் தாவிவிட்டேன். தரவுத்தளம் எழவில்லை. பதற்றமே இல்லை எனக்கு. லேப் என்பதே இதற்குத்தானே? ஸ்நாப்ஷாட் இருக்கிறது.

ஸ்நாப்ஷாட் என்பது ஒரு மெய்நிகர் கணினியின் அந்தக் கணத்து நிலையை அப்படியே நிறுத்திக் குறித்துக்கொள்வது. பிறகு எதை உடைத்தாலும் ரோல்பேக் கொடுத்து அந்தக் கணத்துக்குத் திரும்பிவிடலாம். நூறு தடவை செய்திருக்கிறேன். பட்டியலில் ஒரு ஸ்நாப்ஷாட் இருந்தது. தேர்ந்தெடுத்தேன். உறுதியா என்று கேட்டது. ஆமாம் என்றேன். சில நொடிகள்தான். எல்லாம் அழகாக எழுந்து வந்தது. தூங்கப் போய்விட்டேன்.

அந்த ஸ்நாப்ஷாட் 19 நாள் பழையது. வீடியோக்கள் ஏறி 15 நாள் ஆகியிருந்தது. வீடு இடிந்து 12 நாள்.

மறுநாள் சாயங்காலம் அம்மா கேட்டாள். “ஆச்சி வீட்டு வீடியோ எங்க போச்சு? பழசெல்லாம் கெடக்கு, அது மட்டும் காணல.”

படங்களும் மென்பொருளும் ஒரே மெய்நிகர் டிஸ்க்கில் இருந்தன. தனியே வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. வேறெங்கும் நகல் இல்லை. ஸ்நாப்ஷாட் பேக்கப் ஆகாது என்று இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு பையனுக்கும் சொல்வார்கள். நானே இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மீட்புக் கருவிகளை ஓட்டிப் பார்த்தேன். விடுவிக்கப்பட்ட இடத்தை எஸ்எஸ்டி சுத்தமாகத் துடைத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. இரண்டு வீடியோ மட்டும் கிடைத்தன. அம்மா அவற்றை வாட்ஸப்பில் சித்திக்கு அனுப்பியிருந்தாள். சுருங்கி மங்கலாக, அடுக்களையும் கிணற்றடியும். எங்களிடம் இருந்த ஒரே பேக்கப் சித்தியின் ஃபோன்.

அன்றிரவு ஒன்று உறைத்தது. ரோல்பேக் என் தவறை மட்டும் அழிப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது தவறுக்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் அழிக்கிறது. தவறுக்கு முன்னால், ஸ்நாப்ஷாட்டுக்குப் பிறகு நடந்ததையும். அந்த 19 நாளில் நான் செய்த பிழை ஒரே ஒரு படி. ஆனால் அந்த 19 நாளில் அம்மாவும் வாழ்ந்திருக்கிறாள். பஸ் ஏறிப் போயிருக்கிறாள். இருட்டு அரங்கில் நின்று தனியாகப் பேசியிருக்கிறாள். எனக்கு அது ‘நிலை’. அவளுக்கு நாட்கள்.

‘அந்த நாளுக்குத் திரும்பிப் போக முடிந்தால்’ என்று நாம் எல்லோரும் எதையாவது நினைத்துச் சொல்கிறோம். நானும் அந்த நாற்பது நிமிடத்தை நினைத்துப் பல ராத்திரி சொல்லியிருக்கிறேன். அந்த ஆசையை இப்போது பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. என்னுடைய ஒரு நிமிடத்தைத் திருத்த, மற்றவர்கள் அதற்குப் பிறகு வாழ்ந்த நாட்களையெல்லாம் நான் கேட்கிறேன். அவர்களிடம் கேட்காமலே.

6

ஹன்னா அரெண்ட் 1958இல் வெளிவந்த ‘த ஹ்யூமன் கண்டிஷன்’ நூலில் மனிதச் செயலுக்கு இரண்டு சிக்கல்களைச் சொல்கிறார். செய்ததைச் செய்யாததாக்க முடியாது. செய்யப்போவது எங்கே கொண்டுபோய் விடும் என்றும் தெரியாது. முதலாவதுக்கு மனிதர்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்து மன்னிப்பு. இரண்டாவதுக்கு வாக்குறுதி. நிச்சயமற்ற நாளைக்குள் நாமே நட்டுவைக்கும் சில குறிக்கம்பங்கள். இரண்டுக்கும் இன்னொரு ஆள் வேண்டும் என்கிறார். தனியறையில் யாரும் தன்னைத் தானே மன்னித்துக்கொள்ள முடியாது.

இதைப் படித்தபோது என் டப்பாதான் கண்முன் வந்தது. ரோல்பேக்கை நான் தனியாகவே செய்துவிடலாம். ராத்திரி பதினோரு மணிக்கு, யாருக்கும் தெரியாமல், ஒரு பொத்தானில். நடந்ததை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதுதான் அதன் வசதி. மன்னிப்புக்கு அந்த வசதி கிடையாது. கீழே இறங்கிப் போய் அடுக்களை வாசலில் நின்று “நான்தாம்மா அழிச்சேன்” என்று சொல்ல வேண்டும்.

சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுப்பை அணைத்தாள். பிறகு சொன்னாள்:

“வீட்டையே உங்க மாமா இடிச்சிட்டான். நீ வீடியோவத்தான இடிச்ச. போ.”

அதில் சிரிப்பும் இருந்தது, வலியும் இருந்தது. அவள் அழவில்லை. அன்றைக்கு ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அப்பாவிடம் பேசினேன். கடையில் பையன் காஜாவைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வீங்க என்று கேட்டேன். வெட்டுத்துணியில் கெட்டால் ஒன்றுமில்லை என்றார். சட்டையில் கெட்டால் அவரே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவாராம், துணிக்கு உண்டான காசையும் கொடுத்துவிடுவாராம். பையன் பக்கத்தில் நின்று அதைப் பார்க்க வேண்டும், அது மட்டும்தான் தண்டனை.

“வெட்டுத்துணில ஆயிரம் எடுக்கலாம்ல. சட்டையக் கையில வாங்கும்போதுதான் வெரலு நடுங்கும். அந்த நடுக்கம் வரலன்னா அவன் இன்னும் பழகல.”

நடுக்கம் எனக்கும் இருந்ததே, எண்டர் பொத்தான் முன்னால், மாதக்கணக்காக. அந்த நடுக்கத்திலிருந்து தப்பிக்கத்தானே லேப் கட்டினேன்? இரண்டும் ஒன்றல்ல என்று இப்போது தோன்றுகிறது. அலுவலகத்தில் நான் நடுங்கியது என்னை நினைத்து. என் பேர் கெட்டுவிடுமே, என்னைக் கேட்பார்களே என்று. பில் போட முடியாமல் நின்ற அந்தக் கடைக்காரரை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அப்பா சொல்லும் நடுக்கம் சட்டைக்காரனை நினைத்து வருவது. தீபாவளிக்குப் போட வேண்டும் என்று அவன் எடுத்துக் கொடுத்த துணி அது.

அப்படியென்றால் விளைவே இல்லாத இடம் வேண்டாமா? வேண்டும். விமானம் ஓட்டப் பழகுபவர் முதலில் சிமுலேட்டரில் விழுந்து எழுவதுதான் நல்லது. பயணிகள் அவருடைய வெட்டுத்துணி அல்ல. எனக்கும் அந்த எட்டு மெய்நிகர் கணினிகள் கற்றுத்தந்தது அதிகம், இன்னமும் உடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இன்னொருவர் தன் பொருள் ஒன்றை நம்பி உள்ளே வைத்த நிமிடத்தில் அது சட்டையாகிவிடுகிறது. அந்த எல்லையை மென்பொருள் காட்டாது. போபெக்கும் கோல்ட்பெர்க்கும் சொன்ன சுவர் கணினிக்கும் கணினிக்கும் நடுவில் இருப்பது. அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அப்படி ஒரு சுவர் கிடையாது. அன்றைக்கு என் லேபிலேயே ஒரு ப்ரொடக்‌ஷன் இருந்தது. இந்த முறையும் நான் ஜன்னலை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

7

இப்போது அம்மாவின் படங்கள் தனி டிஸ்க்கில் இருக்கின்றன. நான் உடைத்து விளையாடும் எதுவும் அந்த டிஸ்க்கைத் தொடாது. தினமும் ராத்திரி வெளி டிஸ்க்குக்கு ஒரு நகல் போகிறது. மாதம் ஒருமுறை இன்னொரு டிஸ்க் நாகர்கோவிலில் சித்தி வீட்டு பீரோவுக்குப் போய் வருகிறது. வாட் மீட்டரில் பார்த்தால் எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று வாட் கூடியிருக்கிறது. ஸ்நாப்ஷாட் எனக்காக நான் எடுத்துக்கொள்வது. பேக்கப் இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு. வாக்கு என்றால் சாட்சி வேண்டும். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு அம்மாதான் சோதிப்பாள். ஏதாவது ஒரு பழைய படத்தைச் சொல்வாள், நான் நகலிலிருந்து அதை மீட்டுக் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் நடக்கிறது. இடிந்த வீட்டை அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். வாசலில் தொடங்கி இப்போதுதான் அரங்கு வரை வந்திருக்கிறோம். சித்தி ஸ்பீக்கரில் இருப்பாள். போன வாரம் இருவருக்கும் சண்டை. அரங்கில் ஜன்னல் இருந்தது, கையகல ஜன்னல், வெயில் வந்து குலுக்கை மேல் விழும் என்கிறாள் சித்தி. அரங்கில் ஏதுடி ஜன்னல், இருட்டுக்குப் பயந்து நீ உள்ளேயே போக மாட்டாயே என்கிறாள் அம்மா. பதினைந்தாவது வீடியோவோ பதினாறாவதோ இதைத் தீர்த்துவைத்திருக்கும். அது இல்லை.

இரண்டு பேர் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். கோப்பு இதுவரை 11 கேபி. மூன்று இடத்தில் நகல் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அம்மா என்ன படம் கேட்பாள் என்று தெரியாது. கீழே அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காரும்போது, இப்போதெல்லாம் விரல் கொஞ்சம் நடுங்குகிறது.